இரு கண், ஒரு காட்சி



வானொலியிற் பேசுபவன் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே நீங்கள் கையில் வைத்திருக்கும் பேனாவையே இன்றைய பாடத்திற்குக் கருவியாகக் கொள்வோம். பேனாவின் மூடியைக் கழற்றி ஒரு கையிலும், பேனாவை மற்றொரு கையிலும் பிடித்துக்கொள்ளுங்கள். கைகளை முன்னே நீட்டி, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பேனாவைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மூடிக்குள் செலுத்த முயலுங்கள். பேனா முனை சில வேளை மூடிக்கு முன்னே செல்லும். சில வேளை அதற்குப் பின்னே செல்லும். இப்போது இரு கண்களையும் திறந்துகொண்டு அதையே செய்து பாருங்கள். தடுமாற்றம் மறைந்துவிடும்.

இரண்டாவது கண் நமக்கு அளித்த உதவி யாது? ஒரு கண்ணுக்குத் தெரியாதது இரு கண்ணுக்கு எவ்வாறு தெரிகிறது? எளிய வினாக்களே இவை. எனினும் இவற்றிற்குச் செம்மையான விடை காண மனித குலத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த நீண்ட தேடலின் வரலாற்றையே இன்று சுருங்கக் கூற விழைகின்றேன். அது வெறும் ஏட்டு வரலாறு அன்று. நம் வீட்டுக் குழந்தைகளின் பார்வை நலமும் அதில் அடங்கியுள்ளது என்பதை முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

முதலில் புதிரின் தன்மையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. வெளியுலகின் உருவம் அதன்மீது படமாக விழுகின்றது. படத்திற்கு நீளம் உண்டு, அகலமும் உண்டு. ஆழம் கிடையாது. அருகில் நிற்கும் பூவரச மரமும் அடிவானத்தில் நிற்கும் மலையும் அந்தப் படலத்தின்மீது அடுத்தடுத்த இரு புள்ளிகளாகவே விழுகின்றன. அவ்வாறாயின், மரம் அருகில் இருக்கின்றது, மலை தொலைவில் இருக்கின்றது என்று நமக்குச் சொல்லுவது யார்?

பண்டைய கிரேக்கர் இவ்வினாவின் வாயில்வரை வந்தனர். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணித மேதை யூக்ளிட் பார்வையைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார். கண்ணிலிருந்தே கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருள்களைத் தொடுகின்றன என்பது அவர் கொள்கை. அது பிழையான கொள்கையே. ஆயினும் அந்நூலில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைவிடச் சிறிய உருண்டை ஒன்றை இரு கண்களாலும் நோக்கினால், அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் காணலாம் என்று அவர் நிறுவினார். அதாவது, வலக்கண் காணும் பகுதியும் இடக்கண் காணும் பகுதியும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்ற மருத்துவராய் விளங்கிய கேலன் இதனை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தார். ஒரு தூணின் எதிரே நின்று, கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள் என்றார் அவர். வலக்கண்ணுக்குத் தூணின் வலப்புறம் சற்று மிகுதியாகத் தெரியும். இடக்கண்ணுக்கு இடப்புறம் மிகுதியாகத் தெரியும். தூணுக்கு நீங்கள் உங்கள் கட்டைவிரலையே கொள்ளலாம். அதை மூக்கின் நேரே பிடித்துக் கண்களை மாறி மாறி மூடினால், பின்னாலுள்ள சன்னற் கம்பிகளின்மீது விரல் இங்குமங்கும் தாவுவதைக் காண்பீர்கள்.

உண்மை இவ்வளவு வெளிப்படையாய் இருந்தும், அதன் பயனை அவர்கள் உணரவில்லை. இரு கண்களும் இரு வேறு காட்சிகளைக் காண்கின்றன. எனினும் உலகம் நமக்கு இரண்டாகத் தெரியாமல் ஒன்றாகத் தெரிவது ஏன் என்றே அவர்கள் வியந்தனர். அவ்வேறுபாடு அவர்களுக்கு ஒரு தொல்லையாகவே, தீர்க்கப்படவேண்டிய ஒரு சிக்கலாகவே தோன்றிற்று. அது ஒரு கருவியாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எவர்க்கும் எழவில்லை.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் அரபு நாட்டு அறிஞர் இப்னு அல்-ஹைதம். சுமார் 965இல் பாஸ்ரா நகரில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்தவர். ஒளியியல் பற்றி ஏழு பாகங்களில் அவர் எழுதிய பெருநூல் பின்னர் இலத்தீன் மொழிக்குச் சென்று, ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆசானாய் விளங்கியது. கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்கு வருகின்றது என அவர் வாதிட்டார். தொலைவைப் பற்றி அவர் கூறியது இன்னும் ஆழமானது. தொலைவு கண்ணால் நேரே உணரப்படுவதன்று. அது மனத்தின் தீர்ப்பு என்றார். நம் காலடியிலுள்ள நிலத்தை நாம் நடந்தும் கையால் எட்டியும் அளந்து பழகியிருக்கின்றோம். அந்த அளவையே படிப்படியாக நீட்டி, இடையிலுள்ள பொருள்களின் வரிசையைக் கொண்டு, தொலைவிலுள்ளதை மதிப்பிடுகின்றோம்.

இதற்கு அவர் மேகத்தைச் சான்று காட்டினார். சமவெளியில் நிற்பவனுக்கு மேகம் எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். மலைநாட்டில் நிற்பவனோ அதே மேகம் மலையின் தோளைத் தழுவிச் செல்வதைக் கண்டு, அது பூமிக்கு அண்மையிலேயே உள்ளது என அறிகின்றான். இருவர் கண்ணிலும் வேறுபாடு இல்லை. ஒருவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இடையே பொருள் உண்டு, மற்றவனுக்கு இல்லை.

இனி இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்திற்குச் செல்வோம். தட்டையான பலகையின்மீது ஆழத்தைத் தோற்றுவிப்பது எப்படி என்பது பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர்களின் கேள்வி. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி அந்நகரத்துத் திருமுழுக்குக் கோயிலைக் கணித முறைப்படி ஒரு பலகையில் வரைந்தார். அதைக் காட்டிய விதந்தான் விந்தை. பலகையில் ஒரு சிறு துளை இட்டு, பார்ப்பவரைப் பின்புறத்திலிருந்து அத்துளை வழியே நோக்கச் செய்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காட்டினார். ஆக, அந்த ஓவியத்தை ஒற்றைக் கண்ணால் மட்டுமே காண முடியும். அவ்வாறு கண்டவர்க்கு அது உண்மைக் கட்டடம் போலவே தோன்றிற்றாம். இரண்டாவது கண் திறந்திருந்தால் பலகை தட்டை என்னும் உண்மையை அது காட்டிக்கொடுத்துவிடும்!

அந்நகரத்துப் பள்ளியில் வளர்ந்த லியோனார்டோ டா வின்சி (1452–1519) இதை உணர்ந்து வருந்தினார். எத்துணைத் திறமையுடன் தீட்டினாலும், ஓவியத்திலுள்ள பொருள் இரு கண்ணால் காணும் உண்மைப் பொருளைப் போலப் புடைத்து நிற்பதில்லை என்று எழுதிவைத்தார். சிறிய பொருளொன்றை இரு கண்ணாலும் நோக்குங்கால், அதன் பின்னாலுள்ள இடமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றது. ஓவியத்தில் அது இயலாது என்பது அவர் கண்ட காரணம். விடையை நெருங்கிவிட்டார், ஆயினும் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் உருண்டை. உருண்டை எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினும் வட்டமாகவே தெரியும். ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொண்டிருந்தால், இரு கண்ணுக்கும் அதன் வடிவமே வேறுபடுவதை அவர் கண்டிருப்பார் என்று முந்நூறு ஆண்டுகட்குப் பின் ஓர் ஆங்கிலேயர் சுட்டிக்காட்டினார். அவரைப் பின்னர்க் காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் புதிர் மேலும் கூர்மையடைந்தது. கிரகங்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர், 1604இல் வெளியிட்ட நூலில், விழித்திரைமீது உருவம் தலைகீழாக விழுகின்றது என்று விளக்கினார். கண் ஒரு கருவி, அதற்குள் விழுவது ஒரு தட்டைப் படம் என்பது அத்துடன் உறுதியாயிற்று. பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட் 1637இல் ஒரு விளக்கம் தந்தார். பார்வையற்ற ஒருவன் இரு கைகளிலும் இரு கோல்களை ஏந்தி, அவற்றின் நுனிகளை ஒரு பொருளின்மீது சேர்த்து வைத்தால், கைகளின் இடைவெளியையும் கோல்களின் சாய்வையும் கொண்டு அப்பொருளின் தொலைவை உணர்வான் அன்றோ? நம் இரு கண்களும் அருகிலுள்ள பொருளை நோக்கும்போது உட்புறமாகச் சாய்கின்றன. அந்தச் சாய்வைக் கொண்டு ஆன்மா ஓர் இயற்கைக் கணிதத்தால் தொலைவை அறிகின்றது என்றார்.

‘கோணம் என்பதே அறியாத குழந்தையும் உழவனும் கோணத்தைக் கணக்கிடுகின்றனரா?’ என்ற பொருள்பட இதனை மறுத்தவர் அயர்லாந்து நாட்டுச் சமய அறிஞர் ஜார்ஜ் பெர்க்லி. 1709இல் வெளியான அவர் நூலின் சாரம் இது: தொலைவைக் கண் காண்பதே இல்லை, தொட்டும் நடந்தும் பெற்ற அனுபவத்தால், காட்சியோடு தொலைவை இணைக்க நாம் கற்றுக்கொள்கின்றோம். மொழியைக் கற்பது போலவே பார்வையையும் கற்கின்றோம் என்பது அவர் கருத்து.

அவருக்கு முன்பே டப்ளின் நகரத்து வில்லியம் மாலினியூ என்பவர் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். அவருடைய மனைவி திருமணமான சில காலத்திலேயே பார்வை இழந்தவர். அந்தத் துயரம் உள்ளத்தில் இருந்ததாலோ என்னவோ, 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்கிற்கு அவர் ஒரு கடிதம் விடுத்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டறிந்தவன், திடீரெனப் பார்வை பெற்றால், தொடாமலே இது உருண்டை, இது கனசதுரம் என்று சொல்லுவானா? பொருள்கள் இருபது அடிக்கு அப்பால் இருந்தாலும் ஆயிரம் அடிக்கு அப்பால் இருந்தாலும், அவை தன் கைக்கு எட்டா என்பதைக் கையை நீட்டாமலே அறிவானா? அக்காலத்து அறிஞர்களை எல்லாம் ஆட்டிப் படைத்த கேள்வி இது.

1728இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், குழந்தைப் பருவத்திலேயே கண்புரையால் பார்வையிழந்த பதின்மூன்று வயதை ஒட்டிய ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்து பார்வை அளித்தார். முதன்முதலாகக் கண்டபோது அச்சிறுவனுக்கு எல்லாப் பொருள்களும், தோலைத் தொடுவன போலவே, தன் கண்களைத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றினவாம். தொலைவு என்பதே அவனுக்கு விளங்கவில்லை. பெர்க்லியின் கட்சியினர் இதனைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர்.

மாணவர்களே, இதுகாறும் பேசிய அறிஞர்கள் எவரும் இரு காட்சிகளின் வேறுபாட்டைத் தம் வாதத்தின் நடுவே வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனைச் செய்தவரே நான் முன்னர்க் குறிப்பிட்ட ஆங்கிலேயர், சார்லஸ் வீட்ஸ்டன். 1802இல் கிளாஸ்டர் நகரருகே பிறந்தவர். இசைக்கருவி செய்யும் குடும்பத்தினர். கான்செர்டினா என்னும் துருத்தி இசைக்கருவியைப் படைத்தவர். மின்தந்தியை வளர்த்தவர்களுள் ஒருவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராயிருந்தும் மேடையிற் பேச மிகவும் கூச்சமுடையவர். அவருடைய ஆராய்ச்சிகளை மைக்கேல் பாரடே அவருக்காக அவையில் எடுத்துரைத்ததும் உண்டு.

வீட்ஸ்டன் பழைய வினாவைத் திருப்பிக் கேட்டார். இரு காட்சிகள் வேறுபட்டும் உலகம் ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்று கேட்பதை விடுத்து, அவை வேறுபடுவதனால்தான் உலகம் ஆழமாகத் தெரிகிறதோ என்று ஐயுற்றார். சோதனை மிக எளிது. ஒரு பொருளை இடக்கண் காணும்படி ஒரு படமும், வலக்கண் காணும்படி மற்றொரு படமும் வெறுங் கோடுகளால் வரைந்தார். செங்கோணமாக இணைத்த இரு கண்ணாடிகளுக்கு இருபுறமும் அவற்றை வைத்தார். கண்ணாடிகளின் எதிரே முகத்தை வைத்து நோக்கினால் ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படம் மட்டுமே தெரியும். அவ்வாறு நோக்கியபோது, இரு தட்டைப் படங்களும் கலந்து, திண்ணிய உருவம் ஒன்று எதிரே எழுந்து நின்றது! நிழல் இல்லை, வண்ணம் இல்லை, பழகிய பொருளின் சாயலும் தேவையில்லை. வேறுபாடு ஒன்றே ஆழத்தைப் படைத்தது. 1838 ஜூன் 21ஆம் நாள் இலண்டன் ராயல் சொசைட்டியில் இச்செய்தி படிக்கப்பட்டது. இக்கருவிக்கு ஸ்டீரியாஸ்கோப் என்று பெயரிட்டார்.

இதன் தத்துவத்தைச் சற்று விளக்குவேன். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் தூரம் உண்டு. ஆகவே ஒரே பொருளை அவை இரு இடங்களிலிருந்து நோக்குகின்றன. அண்மையிலுள்ள பொருள் இரு படங்களிலும் மிகுதியாக இடம் மாறும். தொலைவிலுள்ளது சிறிதே மாறும். எத்துணை மாறுகின்றது என்பதிலிருந்து எது முன், எது பின் என்பதை மூளை கண்டுகொள்கின்றது. ஊசியில் நூல் கோப்பதும், குடத்தினின்று செம்பில் நீர் வார்ப்பதும் இதனால் எளிதாகின்றன.

கண்கள் உட்புறம் சாய்வதை உணர்வதால்தான் ஆழம் தோன்றுகிறது என்று சிலர் எதிர்வாதம் செய்தனர். 1841இல் ஜெர்மானியர் டோவெ, மின்பொறி தோன்றி மறையும் நொடியினும் குறுகிய நேரத்திற்கு மட்டும் அப்படங்களுக்கு ஒளியூட்டினார். கண் அசைவதற்கு அவகாசமே இல்லை. ஆயினும் ஆழம் தோன்றிற்று.

1839இல் நிழற்படக் கலை வெளியானதும் கோட்டுப் படங்களின் இடத்தை நிழற்படங்கள் பற்றிக்கொண்டன. ஸ்காத்லாந்து அறிஞர் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாக அக்கருவியை அமைத்தார். 1851இல் லண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசி அதனைக் கண்டு மகிழ, ஐரோப்பிய வீடுகள்தோறும் அது பரவிற்று. அவ்வலை நம் நாட்டிற்கும் விரைவிலேயே வந்தது. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதிகளை இத்தகைய இரட்டைப் படங்களாக எடுத்தார். அத்தொகுதிகள் 1858இல் வெளியாயின.

கருவி விளையாட்டுப் பொருளாயிற்று. வினாவோ அறிஞர் மன்றத்தில் தொடர்ந்தது. ஆழத்தைக் காணும் ஆற்றல் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? பழக்கமே என்றார் ஜெர்மானியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பிறவியே என்றார் அவர் நாட்டவரான ஹேரிங். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இவ்விருவர் பூசலில் கழிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் 1960 என்னும் ஒரே ஆண்டு இரு பெரும் சான்றுகளைத் தந்தது. அமெரிக்காவில் எலினர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்னும் இருவர் ஒரு மேடை அமைத்தனர். மேடையின் ஒருபுறம் தரை அருகில் இருக்கும், மறுபுறம் பள்ளம். இரண்டின்மீதும் உறுதியான கண்ணாடிப் பலகை பரப்பப்பட்டிருந்தமையால் விழும் அச்சம் இல்லை. தவழும் வயதுடைய 36 குழந்தைகளை அதன் நடுவே விட்டுத் தாய்மாரை அழைக்கச் செய்தனர். நடுவிடத்தை விட்டு அகன்ற 27 குழந்தைகளுள் பள்ளத்தின்மீதிருந்த கண்ணாடியில் தவழ்ந்து செல்லத் துணிந்தவை மூன்றே. பிறந்து ஒரு நாளும் நிறையாத கோழிக்குஞ்சும் பள்ளத்தை அறிந்து ஒதுங்கிற்று.

அதே ஆண்டில், அங்கேரியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பேலா யூலெஸ் என்னும் பொறியியல் அறிஞர், கணிப்பொறியைக் கொண்டு இரு படங்களை ஆக்கினார். இரண்டிலும் ஒழுங்கற்ற கரும்புள்ளிகளே நிறைந்திருந்தன. ஒற்றைக் கண்ணால் எத்துணை நேரம் உற்று நோக்கினும் அவற்றில் உருவம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு படத்தின் நடுவே ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகளை மட்டும் அவர் சிறிது நகர்த்தியிருந்தார். ஸ்டீரியாஸ்கோப்பில் நோக்கியதும் அச்சதுரம் காற்றில் மிதந்து நின்றது! இடக்கண்ணிலும் இல்லாத, வலக்கண்ணிலும் இல்லாத ஓர் உருவம் எங்கே தோன்றுகிறது? இரு கண்களின் செய்தியும் கூடும் மூளையிலேயே தோன்ற வேண்டும்.

அவ்விடத்தை 1967இல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிகுரூ என்னும் மூவர் கண்டனர். பூனையின் மூளையிற் பார்வைப் பகுதியில், இரு கண்களின் செய்தியையும் ஒருசேரப் பெற்று, இரு படங்களுக்கிடையே குறித்த அளவு வேறுபாடு இருக்கும்போது மட்டும் வலுவாகத் துடிக்கும் நரம்பணுக்கள் இருப்பதை அளந்து காட்டினர். அவ்வாராய்ச்சி நடந்தது கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தில். தொலைவைக் கண் காண்பதே இல்லை என்ற அந்தப் பழைய அறிஞரின் பெயரைத்தான் அந்நகரம் தாங்கி நிற்கிறது!

அப்படியாயின் அந்த அணுக்கள் பிறவியிலேயே நிலைபெற்றுவிடுகின்றனவா? இங்கேதான் வரலாறு நம் வீட்டிற்குள் நுழைகின்றது. டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள், 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பின்னர்த் திறந்து ஆராய்ந்தனர். கண்ணில் பெரும் பழுது இல்லை. ஆனால் மூளையின் அணுக்கள் அக்கண்ணின் செய்தியை ஏற்க மறுத்துவிட்டன. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல் மூடியபோது அத்தகைய கேடு விளையவில்லை. வேறு சில குட்டிகளுக்கு மாறுகண் உண்டாக்கிப் பார்த்தனர். இரு கண்களும் ஒரே இடத்தை நோக்காமையால், இரண்டின் செய்தியையும் ஒருங்கே ஏற்கும் அணுக்கள் பெரும்பாலும் இல்லாமற்போயின. இவ்விருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, பழைய பூசலில் இரு கட்சியும் பாதி வென்றன. ஆற்றலின் விதை பிறவியில் வருகின்றது; மனிதக் குழந்தைக்கு இரு கண்ணால் ஆழம் காணும் திறன் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மாதங்களில் முளைக்கின்றது. ஆயினும் இரு கண்களும் இளமையில் ஒன்றுபட்டு உழைத்தாலன்றி அம்முளை பயிராவதில்லை. ஆடிப் பட்டத்தில் விதைக்க வேண்டியதைத் தை மாதத்தில் விதைப்பவன் என்ன விளைச்சலைக் காண்பான்?

மாறுகண் உள்ள குழந்தையின் மூளை இரு வேறு காட்சிகளை இணைக்க இயலாமல், இரட்டைத் தோற்றத்தைத் தவிர்க்க ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கத் தொடங்குகின்றது. நாளடைவில் அக்கண்ணின் பார்வையே மங்கிவிடக்கூடும். நம் மக்களிடையே, ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்பாரும் உண்டு. வளர வளரக் கைநழுவிப்போவது எது என்பதை மேற்சொன்ன ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிறந்த சில வாரங்களில் குழந்தையின் விழி சிற்சில வேளை விலகுதல் இயல்பே. நான்கு மாதங்களுக்குப் பின்னும் அது நீடிக்குமாயின், அல்லது கண்ணின் கருமணியில் எவ்வயதிலேனும் வெண்மை தோன்றுமாயின், காலந்தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி அணிவித்தல், நல்ல கண்ணைச் சில மணிநேரம் மறைத்து மங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்தல், அறுவைச் சிகிச்சை என வழிகள் பல உள்ளன. அவை இளமையிற் செய்யுங்கால் மிகுந்த பயன் தரும்.

காலம் கடந்தோர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லுதல் கடமை. அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பாரி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண் உடையவர். சிறு வயதில் மூன்று அறுவைச் சிகிச்சைகளால் கண்கள் நேரானது போலத் தோன்றின; மூளை மட்டும் இரு காட்சிகளை இணைக்கவில்லை. தமக்கு அந்த ஆற்றல் இல்லை என்பதையே கல்லூரி வகுப்பில், ஹியூபெல், வீசல் ஆராய்ச்சிகளைக் கேட்டபோதுதான் அறிந்தார். தம் 48ஆம் வயதில் முறையான கண் பயிற்சி பெற்றபின், ஒருநாள் காரில் அமர்ந்தபோது, திருப்புச் சக்கரம் எதிரிலிருந்த பலகையினின்று விலகி முன்னே மிதப்பதைக் கண்டு திகைத்தார். 2009இல் தம் அனுபவத்தை ஒரு நூலாக வெளியிட்டார்.

மாலினியூவின் கேள்விக்கும் நம் நாட்டிலேயே சோதனை நடந்தது. பவன் சின்ஹா என்னும் விஞ்ஞானி வகுத்த ‘பிரகாஷ்’ திட்டத்தின்கீழ், பிறவிக் குருட்டினின்று சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து சிறாரை ஆராய்ந்தனர். அவர்கள் 8 முதல் 17 வயதினர். தொட்டறிந்த வடிவத்தை உடனே கண்ணால் அடையாளம் காண அவர்களால் இயலவில்லை; ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டனர். 2011இல் அம்முடிவு வெளியாயிற்று. கேள்வி பிறந்து 323 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒற்றைக் கண்ணினர் தொலைவே அறியார் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒன்றை ஒன்று மறைத்தல், தொலைவில் சிறுத்தல், பனிமூட்டத்தில் மங்கல், நாம் நகரும்போது அருகிலுள்ளது விரைந்து ஓடுதல் முதலிய பல குறிப்புகளை மூளை ஒரு கண்ணிலிருந்தே பெறுகின்றது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் இளைஞர் பட்டோடி வலக்கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். ஆறு மாதத்திற்குள் இந்திய அணியில் இடம்பெற்று, 1962 ஜனவரியில் நம் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆண்டில் அணித்தலைவருமானார். அவருடைய மூளை இருபது ஆண்டுகள் இரு கண்ணால் பழகியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. கேலனின் தூண் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. அதனைத் தொல்லை என்று தள்ளாமல் அதன் பயன் யாது என்று கேட்க 1838 வரை ஒருவர் வரவேண்டியிருந்தது. உங்கள் பாடங்களிலும், முரணாகத் தோன்றுவதைக் கண்டால் அழித்துவிட்டு மேலே செல்லாதீர்கள். சற்று நின்று கேளுங்கள். இரண்டாவது, உங்கள் இல்லத்தில் அல்லது தெருவில் சிறு குழந்தை ஒன்று தலையை எப்போதும் ஒருபுறம் சாய்த்து நோக்கினாலோ, ஒரு விழி விலகி நின்றாலோ, பெரியவர்களிடம் இன்றே சொல்லுங்கள். ‘அதிர்ஷ்டம்’ என்று அவர்கள் புன்னகைத்தால், இன்று கேட்டவற்றைப் பணிவாக எடுத்துரையுங்கள். அக்குழந்தைக்காகப் பேச வேறு எவரும் இல்லாதிருக்கலாம்.